பாசி வருவாயும் பாசிக் கண்காணிப்பும்: தமிழகக் கடற்கரை முதல் பெரம்பலூர், அரியலூர் ஏரிகள் வரை ஒரு நிதி வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தீங்கு விளைவிக்கும் பாசிப்பெருக்கத்தைக் கண்காணித்து முன்னறிவிப்பதற்கு யார், எதற்காக, எவ்வளவு காலம் நிதி வழங்கினர் என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. சென்னை மாகாண மீன்துறை தொடங்கப்பட்ட 1907 முதல் இன்றைய செயற்கைக்கோள் வழித் தகவல் சேவை வரையிலான வளர்ச்சி இதில் தொகுத்துரைக்கப்படுகிறது. அவ்வளர்ச்சி பெரும்பாலும் கடலைச் சார்ந்தே நிகழ்ந்தது. பெரம்பலூர், அரியலூர் போன்ற உள்நாட்டு ஏரிப் பகுதிகள் அதன் வரம்புக்கு வெளியே நின்றன. ஏரிக் கணக்குகளில் பாசி என்னும் சொல் நெடுங்காலமாக வருவாய் இனத்தில் இடம்பெற்றும் செலவினத்தில் இடம்பெறாமையே இதற்கு அடிப்படைக் காரணம் என்பதும், தொடர் நிதி இல்லாத இடத்தில் தொடர் பதிவும் உருவாகாது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: பாசிப்பெருக்கம், பாசிப்பாட்டம், மீன்பாசிக் குத்தகை, சென்னை மாகாண மீன்துறை, மண்டபம், மேட்டூர், கரைவெட்டி, நீர்த்தர வரலாறு.

முன்னுரை

நீர்நிலைகளில் நுண்பாசிகளும் அவற்றையொத்த நுண்ணுயிர்களும் குறுகிய காலத்தில் அளவிறந்து பெருகுவது பாசிப்பெருக்கம் எனப்படுகிறது. இவற்றுள் சில வகைகள் நஞ்சைச் சுரக்கின்றன. வேறு சில, நஞ்சு இல்லாவிடினும், மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சி மீன்களையும் பிற உயிரினங்களையும் மாய்க்கின்றன. கடலில் நீர் செந்நிறமாகவோ பச்சையாகவோ மாறுவதும், ஏரி குளங்களில் வண்ணப்பூச்சு ஊற்றியது போன்ற பச்சைப் படலம் மிதப்பதும் இதன் வெளிப்படையான அடையாளங்கள்.

இந்நிகழ்வு பற்றிய உயிரியல் ஆய்வுகள் பல உள்ளன. ஆயினும் அதனை நாள்தோறும் கவனித்துப் பதிவு செய்யும் பணிக்கு நிதி எங்கிருந்து வந்தது என்னும் வினா வரலாற்றாய்வில் போதிய கவனம் பெறவில்லை. கண்காணிப்பு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் ஆய்வன்று. அது நிகழ்வு இல்லாத நாள்களிலும் தொடர வேண்டிய பணியாகும். இயல்பான நாள்களின் பதிவு இருந்தால்தான் இயல்பு மாறிய நாளை அடையாளம் காண முடியும். ஆகவே முன்னறிவிப்பின் வரலாறு என்பது ஒருவகையில் தொடர் செலவினத்தின் வரலாறாகவும் அமைகிறது. இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு முதலில் ஏரிக் கணக்குகளும், அடுத்துக் கடற்கரை ஆய்வு நிறுவனங்களும், இறுதியில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் இன்றைய நிலையும் இங்கு ஆராயப்படுகின்றன.

ஏரிக் கணக்கில் பாசி

தமிழகத்தில் நீர்நிலையைப் பேணுவதற்கெனத் தனி அமைப்பும் தனி வருவாயும் ஒதுக்கும் மரபு தொன்மையானது. முதலாம் பராந்தகனின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்துக்கு ஆண்டுதோறும் ஆறு பேரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் நெறிமுறையைக் கூறுகின்றன. ஏரி ஆயம், ஏரிப்பட்டி ஆகிய சொற்கள் ஏரிப் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்ட வரியையும் நிலத்தையும் சுட்டுகின்றன. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் முதலாம் இராசேந்திரன் அமைத்த சோழகங்கம் என்னும் ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு அவனது வெற்றித் தூணாகவே போற்றுகிறது. பிற்காலத்தில் பொன்னேரி எனப்பட்ட இவ்வேரியின் கரை 16 மைல் நீளமுடையது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டு விவரச்சுவடிகள் குறிப்பிட்டுள்ளன.

இம்மரபில் பாசி என்னும் சொல் பெறும் இடம் கவனிக்கத்தக்கது. கல்வெட்டுகளில் காணப்படும் பாசிப்பாட்டம் என்பது ஏரி, குளங்களில் மீன்பிடிக்கும் உரிமைக்காகப் பெறப்பட்ட வரியாகும். இச்சொல் வழக்கு முற்றிலும் மறையவில்லை. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவதை இன்றும் மீன்பாசிக் குத்தகை அல்லது மீன்பாசி ஏலம் என்றே ஊராட்சிகளும் வருவாய்த் துறையினரும் வழங்குகின்றனர். நீரில் வளரும் பாசியும் அதை உண்டு வளரும் மீனும் ஒரே சொல்லின்கீழ் வருவாய் இனமாகக் கணக்கிடப்பட்டன என்பது இதனால் புலனாகிறது. நீரின் வளத்தைப் பாசியோடு இணைத்துக் காணும் பட்டறிவு இச்சொல்லாட்சியில் பதிந்துள்ளது எனக் கருத இடமுண்டு.

ஆனால் அவ்வருவாய் செலவிடப்பட்ட திசை வேறு. கரையை உயர்த்துதல், மடை, மதகு, கலிங்கு ஆகியவற்றைப் பழுதுபார்த்தல், குழி வெட்டி மண் எடுத்தல் ஆகியனவே ஏரிச் செலவினங்களாக அமைந்தன. ஏரியைக் காத்தல் என்பது நீரின் அளவைக் காத்தல் என்றே பொருள் கொள்ளப்பட்டது. காலனியாட்சியிலும் இந்நோக்கு மாறவில்லை. குடிமராமத்தைச் சட்டக் கடமையாக்கிய 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் கரை உடைப்பைத் தடுப்பதையே முதன்மையாகக் கருதியது. 1883-இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம் மாகாணத்தின் ஏரிகளை ஒவ்வொன்றாக அளந்து, கொள்ளளவு, கரைமட்டம், ஆயக்கட்டு முதலியவற்றைப் பதிவு செய்தது. லூயிஸ் மூர் 1878-இல் வெளியிட்ட திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடும், ஹெமிங்வே 1907-இல் வெளியிட்ட மாவட்ட விவரச்சுவடியும் அன்றைய பெரம்பலூர், உடையார்பாளையம் வட்டங்களின் பாசனத்தை இதே அடிப்படையில் விவரித்தன. நீரின் அளவுக்கு நூற்றாண்டுகால எண்கள் கிடைக்கின்றன. நீரின் நிறத்துக்கும் தரத்துக்கும் அவற்றுக்கு இணையான தொடர் எண்கள் உருவாக்கப்படவில்லை.

சென்னை மாகாண மீன்துறை

நீரின் நிறத்தைக் கவனிப்பதற்கான தொடர் நிதி முதன்முதலில் கடல்சார் நிறுவனங்களில்தான் கிடைத்தது. பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1907-இல் சென்னை மாகாண மீன்துறை உருவாயிற்று. மீன் உணவைப் பெருக்குதல், மீனவர் பொருளாதாரத்தை உயர்த்துதல், முத்து, சங்கு ஆகியவற்றால் அரசுக்கு வருவாய் ஈட்டுதல் ஆகியவை அதன் நோக்கங்களாக இருந்தன. இலங்கையின் முத்துக்குளிப்பு ஆய்வில் பங்கேற்று வந்த ஜேம்ஸ் ஹார்னெல் இத்துறையில் பணியேற்று, பின்னர் அதன் இயக்குநரானார்.

ஹார்னெல் 1908-இல் மலபார்க் கடற்கரையில் நீர் நிறம் மாறியதையும் மீன்கள் கூட்டமாக மடிந்ததையும் கவனித்தார். தென்மேற்குப் பருவமழைக்குப் பின் இத்தகைய மடிவு மீண்டும் மீண்டும் நிகழ்வதை அறிந்து, அதற்கு ஒரு நுண்ணுயிரே காரணம் என்னும் கருத்தைச் சென்னை மீன்துறையின் பதினோராம் அறிக்கையில் 1917-இல் வெளியிட்டார். 1923-இல் நாயுடுவுடன் இணைந்து அவர் எழுதிய மத்தி மீன் வரலாறு, மலபார்க் கடலின் மிதவை நுண்ணுயிர்களைப் பற்றிய குறிப்புகளையும் உள்ளடக்கியது.

முதல் கவனிப்பிலிருந்து விளக்கம் வெளிவரும்வரை ஒன்பது ஆண்டுகள் கடந்துள்ளமை இங்கு எண்ணத்தக்கது. ஒரே கடற்பகுதியை ஒரே துறை ஆண்டுதோறும் கவனித்ததே இதனை இயலச் செய்தது. பாசிப்பெருக்கத்துக்கென அத்துறையில் தனி நிதி இருக்கவில்லை. மத்தி மீன்பிடிப்பின் ஏற்ற இறக்கத்தை அறியச் செலவிட்ட பணத்தின் துணைப் பயனாகவே இவ்வறிவு கிடைத்தது. கிழக்குக் கரையிலும் இதே நிலையைக் காணலாம். குருசடைத் தீவில் கடலுயிரிகள் வழக்கத்துக்கு மாறாக மடிந்ததைப் பற்றிச் சாக்கோ 1942-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். பாம்பன் பகுதியில் டிரைக்கோடெஸ்மியம் என்னும் பாசி திரண்டதையும் அதன் விளைவையும் சிதம்பரமும் உண்ணியும் 1944-இல் அதே இதழில் பதிவு செய்தனர்.

மண்டபம்: முன்னறிவிப்பு என்னும் கருத்து

1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-இல் மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. மண்டபத்தில் ஆய்வாளர்கள் மிதவை நுண்ணுயிர்களையும் நீரின் வெப்பம், உப்புத்தன்மை, சத்துகள் ஆகியவற்றையும் தொடர்ந்து அளந்து வந்தனர். அதன் பயன் விரைவிலேயே வெளிப்பட்டது. பாக் நீரிணையில் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் திரள்வதற்கும் சூடைமீன் பிடிப்புக்கும் உள்ள தொடர்பை ஆர். ஆர். பிரசாத் 1953-இல் ஆராய்ந்தார். அந்நுண்ணுயிரையே ஒரு சுட்டுயிரியாகப் பயன்படுத்தக்கூடும் என்பதையும் அக்கட்டுரை எடுத்துரைத்தது. நுண்ணுயிரின் வரவைக் கொண்டு மீன்பிடிப்பின் போக்கை உணரலாம் என்னும் இக்கருத்தில் முன்னறிவிப்பின் கரு அடங்கியுள்ளது. பாம்பன், மண்டபம் மீனவர் கடலில் படரும் இத்தகைய பச்சைத் திரளைப் பூங்கோரை என வழங்குகின்றனர். அவர்களுக்கு வழக்கில் தெரிந்திருந்த ஒரு நிகழ்வு இவ்வாறு எண்களோடு பதிவாயிற்று.

1954-இல் ஆர். சுப்பிரமணியன் மலபார்க் கடலில் மீன் மடிவுக்குக் காரணமான நுண்ணுயிரை விரிவாக ஆராய்ந்து, முன்னோடியின் நினைவாக அதற்கு ஹார்னெல்லியா மரைனா எனப் பெயரிட்டார். பின்னர் இது சாட்டோனெல்லா என்னும் பேரினத்துள் சேர்க்கப்பட்டது. அதே பேரினத்தைச் சேர்ந்த நுண்ணுயிர் 1972-இல் ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடலில் பெருகி, வளர்ப்பு மீன்கள் ஏறத்தாழ 1.4 கோடியை மாய்த்தது. இழப்பு 710 கோடி யென் எனக் கணக்கிடப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே, 1973-இல், அக்கடலைக் காக்கச் சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மலபாரில் மடிந்தவை எவர்க்கும் உடைமையாகாத கடல் மீன்கள். செத்தோவில் மடிந்தவை முதலீட்டாளரின் கணக்கேட்டில் ஏறிய வளர்ப்பு மீன்கள். அறிவு முன்னரே கிடைத்திருந்த இடத்தைவிட இழப்பு கணக்கிடப்பட்ட இடத்திலேயே நிதியும் சட்டமும் விரைந்து வந்தன என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

நன்னீர்: கோயில் குளமும் மேட்டூரும்

நன்னீர்ப் பாசியியலில் சென்னை இந்திய அளவில் முன்னணியில் இருந்தது. எம். ஓ. பி. ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஆய்வு மரபில் வந்த டி. வி. தேசிகாச்சாரி, நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றிய பெருநூலை 1959-இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, எஸ். வி. கணபதி மைக்ரோசிஸ்டிஸ் ஏருஜினோசா என்னும் நீலப்பச்சைப் பாசி நிலையாகப் பெருகியிருந்த ஒரு கோயில் குளத்தின் சூழலியலை ஆராய்ந்து 1940-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியிட்டிருந்தார். இப்பாசியின் பல வகைகள் மைக்ரோசிஸ்டின் என்னும் கல்லீரல் நஞ்சைச் சுரப்பவை. பச்சை நீர் என இயல்பாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த குளத்தைக் கணபதி ஓர் ஆய்வுப் பொருளாக்கினார்.

1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கமும் ஆய்வுக்கு உள்ளானது. மேட்டூர்த் தொழிற்சாலைக் கழிவுநீர் காவிரி மீன்வளத்தைப் பாதித்ததைக் கணபதியும் அலிக்குன்ஹியும் 1950-இல் ஆராய்ந்தனர். நீர்த்தேக்கத்தின் நீரியல் கூறுகளையும் மீன் உற்பத்தியையும் சீனிவாசன் 1966-இல் விரிவாக வெளியிட்டார். இவ்வாய்வுகளின் நோக்கம் பெரும்பாலும் மீன் உற்பத்தியைச் சார்ந்ததாகும். மீன்துறையின் பார்வையில் பாசி மீனுக்கு உணவு. ஆகவே பாசியின் மிகுதி வளத்தின் அறிகுறியாகவும் கொள்ளப்பட்டது. பாசிப்பாட்டம் என்னும் பழஞ்சொல்லில் பொதிந்த நோக்கு அறிவியல் வடிவில் தொடர்ந்தது எனலாம். நஞ்சு என்னும் கோணத்தில் நன்னீர்ப் பாசியைத் தொடர்ந்து கவனிப்பதற்கான நிதி இனம் இதிலிருந்து தோன்றவில்லை.

துயரத்தைத் தொடர்ந்து வரும் நிதி

1981-இல் கல்பாக்கத்துக்கு அருகிலுள்ள வாயலூரில் மட்டி உண்டதால் மூவர் இறந்தனர். 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நுண்பாசிகளின் நஞ்சு மட்டியில் சேர்ந்து மனிதரைத் தாக்கியமை இதற்குக் காரணமெனக் கொள்ளப்பட்டது. 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் கல்லுமட்டி உண்டதால் எழுவர் இறந்தனர்; ஏறத்தாழ 500 பேர் பாதிக்கப்பட்டனர். மத்திய அரசின் கடல் மேம்பாட்டுத் துறை 1990-களில் முன்னெடுத்த கடல் உயிர்வளத் திட்டத்தில் நச்சுப் பாசிக் கண்காணிப்பும் ஒரு கூறாக இணைந்தது. அமெரிக்காவில் 1997-இல் செசபீக் விரிகுடாப் பகுதியில் மீன்கள் பாதிக்கப்பட்டதை ஒட்டிய பொதுமக்கள் அச்சத்தைத் தொடர்ந்து, 1998-இல் பாசிப்பெருக்க ஆய்வுக்கும் கட்டுப்பாட்டுக்கும் தனிச் சட்டம் இயற்றப்பட்டுக் கூட்டரசு நிதி ஒதுக்கப்பட்டது.

நன்னீரிலும் இத்தகைய துயரங்கள் நிகழ்ந்துள்ளன. 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில் மைக்ரோசிஸ்டின் கலந்த நீர் சிறுநீரக நோயாளிகளின் குருதிச் சுத்திகரிப்புக்குப் பயன்பட்டதால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலக நலவாழ்வு நிறுவனம் 1998-இல் குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்னும் வரம்பை வகுத்தது. அமெரிக்காவின் ஈரி ஏரிக்கு 2008 முதல் பாசிப்பெருக்க முன்னறிவிப்பு அறிக்கைகள் வெளியிடப்பட்டு வருகின்றன. 2014 ஆகஸ்டில் டொலிடோ நகரின் குழாய்நீரில் நஞ்சு கண்டறியப்பட்டபோது ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் அந்நீரைக் குடிக்க வேண்டாமென எச்சரிக்கப்பட்டனர். ஏரிக்கும் முன்னறிவிப்பு இயலும் என்பதற்கும், நீர்ச் சோதனை இருந்தால்தான் எச்சரிக்கையும் இயலும் என்பதற்கும் இது சான்றாகும்.

செயற்கைக்கோளின் எல்லை

1999-இல் ஐதராபாத்தில் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் ஓசன்சாட்-1 விண்ணில் செலுத்தப்பட்டது. கடலின் நிறத்தைக் கொண்டு பச்சையத்தின் அளவை மதிப்பிடும் வசதி இதனால் நாட்டுக்குச் சொந்தமாயிற்று. அண்மை ஆண்டுகளில் இம்மையம் பாசிப்பெருக்கத் தகவல் சேவை ஒன்றையும் நடத்துகிறது. மன்னார் வளைகுடா அதன் முதன்மைக் கண்காணிப்பு இடங்களுள் ஒன்று. 2008 அக்டோபரிலும் 2019 செப்டம்பரிலும் அங்கு நாக்டிலூகா பெருகி மீன்கள் மடிந்தன. 2019-இல் உயிர்வளிக் குறைவால் பவளங்களும் மடிந்தன. நூறாண்டுக் கடற்கரைப் பதிவுகளின் மேல் அமைந்ததால் இச்சேவையின் தகவலைப் பொருள்படுத்திக்கொள்ள இயலுகிறது.

இத்தொழில்நுட்பம் உள்நாட்டு ஏரிக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஓசன்சாட் வரிசையின் தொடக்கக் கடல்நிற உணரிகளில் ஒரு படப்புள்ளி 360 மீட்டர் பக்கமுடையது. அதாவது ஏறத்தாழ 13 எக்டேர். சுமார் 454 எக்டேர் பரப்புள்ள கரைவெட்டி ஏரி அப்படத்தில் ஏறத்தாழ 35 புள்ளிகளில் அடங்கிவிடும். 30 ஏக்கருக்கு உட்பட்ட ஊர்க்குளம் ஒரு புள்ளியைக்கூட நிரப்பாது. 2015 முதல் இயங்கும் ஐரோப்பியச் சென்டினல்-2 செயற்கைக்கோள் 10 மீட்டர் நுட்பத்தில் படங்களை இலவசமாக வழங்குவதால் இக்குறை பெரிதும் நீங்கியுள்ளது. ஆயினும் படத்தில் தோன்றும் பச்சை நீலப்பச்சைப் பாசியா, ஆகாயத்தாமரையா, தீங்கற்ற பாசியா என உறுதி செய்ய நீர் மாதிரியும் நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற ஆளும் தேவை. ஆகவே படம் இலவசமாகக் கிடைக்கும் இக்காலத்திலும் ஆளுக்கும் மாதிரிக்குமான தொடர் செலவு எஞ்சியே நிற்கிறது.

பெரம்பலூர், அரியலூர்: பதிவில்லாத நீர்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 முதல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஒரே ஏரியின் கோப்புகள் இதனால் பல அலுவலகங்களில் சிதறின. கடற்கரையில் ஒரு துறை ஒரே நீரை நெடுங்காலம் கவனித்ததற்கு நேர்மாறான சூழல் இது.

இப்பகுதியில் பாசிப்பெருக்கத்துக்கான காரணிகள் குறைவல்ல. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியன பெரம்பலூரின் முதன்மைப் பயிர்கள். வயல்களிலிருந்து மழைநீரோடு வரும் தழை, மணிச் சத்துகளும் ஊர்க் கழிவுநீரும் ஏரியில் சேர்கின்றன. கோடையில் நீர் குறைந்து வெப்பம் மிகும்போது அச்சத்துகள் செறிவடைகின்றன. நீலப்பச்சைப் பாசி பெருக உகந்த நிலை இதுவே. கரைவெட்டி ஏரி மழைநீரோடு, மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீரையும் கட்டளை, புள்ளம்பாடி வாய்க்கால்களின் வழியே பெறுகிறது. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பரப்பில் பச்சைப் படலமும் துர்நாற்றமும் தோன்றுவது அண்மை ஆண்டுகளில் நாளிதழ்களில் அடிக்கடி செய்தியாகிறது; அப்போது நுண்ணுயிர்க் கரைசல் தெளிக்கப்படுகிறது. இதுவும் நிகழ்வுக்குப் பிந்திய செலவே. அணையில் திறக்கப்படும் நீர் கீழ்ப்பகுதி ஏரியை அடைய நாள்கள் ஆகும். அந்த நாள்களை எச்சரிக்கைக்கான கால அவகாசமாக மாற்றுவதற்கே கண்காணிப்பு தேவைப்படுகிறது.

கரைவெட்டி 1999-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அதனால் அவ்வேரிக்கு ஓரளவு கவனம் கிடைத்துள்ளது. கால்நடைகள் நீரருந்தும், துணி துவைக்கும், மீன் வளர்க்கும் ஏனைய ஏரிகளுக்கு அத்தகைய தகுதி இல்லை. கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஓரிரு ஆண்டு மேற்கொள்ளப்படும் ஆய்வேட்டு மாதிரிகள் பயனுடையவை எனினும், ஆய்வாளரின் உதவித்தொகை முடியும் நாளில் அவையும் முடிந்துவிடுகின்றன. தமிழக அரசு 2016-17-இல் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளுடன் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது, தூர்வாருதல், கரை, மதகு ஆகியனவே செலவினங்களாயின. பத்தாம் நூற்றாண்டின் செலவினப் பட்டியலோடு இதன் ஒற்றுமை தெளிவானது.

இதன் விளைவு நிர்வாகம் சார்ந்தது மட்டுமன்று. ஏரியில் மீன் மடிந்தால் குத்தகைதாரர் இழப்பீடு கோரவும், நீர் கெட்டதென ஊர்மக்கள் முறையிடவும் முந்தைய ஆண்டுகளின் எண்கள் தேவை. எண்கள் இல்லாதபோது நிகழ்வு நிகழவில்லை என்றே கோப்பு கூறும். சான்றின்மையை நிகழ்வின்மையாகக் கொள்வது வரலாற்றாய்வில் பிழை எனப்படும். நிர்வாகத்தில் அதுவே நடைமுறையாகிவிடுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, தமிழகத்தில் பாசிப்பெருக்க அறிவு ஒரே துறை ஒரே நீரைத் தொடர்ந்து கவனித்த இடங்களில் வளர்ந்தது. மலபார், குருசடை, மண்டபம் ஆகியன அதற்குச் சான்றுகள். அங்கும் நிதி மீன்பிடிப்புக்காகவே வந்தது.

இரண்டாவதாக, நேரடி நிதி பெரும்பாலும் மனித உயிரோ கணக்கிடத்தக்க பொருளோ இழக்கப்பட்ட பின்னரே கிடைத்தது. இழப்பைக் கணக்கிடப் பதிவு வேண்டும். பதிவுக்கு நிதி வேண்டும். உள்நாட்டு ஏரிகள் இச்சுழலுக்குள் அகப்பட்டுள்ளன.

மூன்றாவதாக, இச்சுழலை விடுவிக்கும் வழி ஏரி நிர்வாக மரபுக்குள்ளேயே உள்ளது. ஏரியில் கிடைத்த வருவாயை ஏரிக்கே செலவிடுதல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. மீன்பாசிக் குத்தகைத் தொகையில் ஒரு சிறு பங்கை அதே ஏரியின் நீர் மாதிரிக்கென ஆண்டுதோறும் ஒதுக்கி, அருகிலுள்ள அரசுக் கல்லூரிகளின் தாவரவியல், விலங்கியல் துறைகளிடம் அப்பணியை ஒப்படைத்தால், மாதம் ஒருமுறையேனும் நீரின் நிறம், வெப்பம், பாசி வகை ஆகியவற்றைப் பதிவு செய்ய இயலும். மேட்டூர் நீர் திறப்பு விவரமும் சென்டினல் படங்களும் அதனுடன் இணையும்போது வட்டார முன்னறிவிப்புக்கு அடித்தளம் அமையும். பாசிப்பாட்டம் என்னும் வருவாய் இனத்துக்கு இணையான செலவினம் ஒன்று ஏரிக் கணக்கில் எழுதப்படும்போதே பெரம்பலூர், அரியலூர் ஏரிகளுக்கும் ஒரு நீர்த்தர வரலாறு தொடங்கும்.